நானூக் ஆஃப் த நார்த்

நானூக் ஆஃப் த நார்த் என்பது 1922 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஊமைப்படம் ஆகும். அமெரிக்கரான இராபர்ட் பிளாகர்ட்டி இயக்கிய இப்படம், கனடாவின் வடக்கு கியூபெக்கில் வாழும் இனுவிட் பழங்குடியினரின் வாழ்க்கையைக் காட்டுகிறது. தொடக்ககால முழுநீள ஆவணப்படங்களுள் இது முதன்மையானதாகக் கருதப்படுகிறது. ரெவியோன் பிரேர் என்னும் உரோம வணிக நிறுவனம் இதற்கு நிதியளித்தது.

படப்பிடிப்பு

நானூக்காக வருபவரின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். படத்தில் அவருடைய மனைவியாக வருபவர் உண்மையில் அவர் மனைவி அல்லர். பனிவீட்டினுள் ஒளியும் இடமும் போதாமையால், ஒரு பக்கம் திறந்த பனிவீடு கட்டிப் படமாக்கினர். இனுவிட் மக்கள் அப்போதே துப்பாக்கியைப் பயன்படுத்தி வந்தனர். எனினும் படத்தில் பழைய முறைப்படி எறியீட்டியால் வேட்டையாடினர். கிராமபோனை அறியாதவர் போல நானூக் இசைத்தட்டைக் கடிக்கும் காட்சியும் நடிப்பே.

விமர்சனம்

இனுவிட் மக்கள் நடித்ததோடு நில்லாமல், படச்சுருளைக் கழுவுவதிலும் கருவிகளைப் பராமரிப்பதிலும் உதவினர். ஆகவே பழைய வழக்கங்களை நடித்துக் காட்டியதில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால், அது நடிப்பு என்பது பார்வையாளருக்குக் கூறப்படவில்லை. இதனால், உரோம வணிகத்தின் வழியே வெளியுலகுடன் தொடர்பிலிருந்த ஒரு சமூகம், காலமாற்றம் அறியாத மக்களாகத் தோன்றியது. ஒரு மக்களினத்தை எவ்வாறு காட்டுவது என்பதை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்பதே இனவரைவியல் திரைப்படத்தின் அடிப்படை அறவியல் கேள்வியாகும்.

பின்னர் இனுவிட் மக்களே படமெடுக்கத் தொடங்கினர். சக்கரியாசு குனுக் இனுக்டிடூட் மொழியில் இயக்கிய அதனார்ச்சுவாட், 2001 இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருதைப் பெற்றது.