ஹார்ட் டிஸ்க் திடீரென மறைந்துவிட்டதா? மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

இடுக்கி: வீட்டுச் சேமிப்பு சர்வரில் 'டிஸ்க் இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்ற எச்சரிக்கை தோன்றினால், ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என உடனே முடிவு செய்யத் தேவையில்லை. கேபிள், மின்சாரம், இணைப்புமுனை ஆகியவற்றில் ஏற்படும் கோளாறும் இதே எச்சரிக்கையைத் தரும். ஆனால், பதற்றத்தில் எடுக்கப்படும் தவறான முடிவு பல ஆண்டுகாலப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் நிரந்தரமாக அழித்துவிடக்கூடும்.

'என்ஏஎஸ்' எனப்படும் இந்த சர்வர்களில் பெரும்பாலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிஸ்க்குகள் இருக்கும். தமிழர்கள் கணிசமாக வாழும் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் உள்ளிட்ட கேரள எல்லைப் பகுதிகளில் மலையின் ஈரப்பதம், பாலக்காட்டின் கோடை வெப்பம், இடி மின்னல் ஆகிய மூன்றும் இக்கருவிகளுக்குச் சோதனையாக உள்ளன.

செய்யக் கூடாதவை என்ன?

'டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று திரையில் கேட்டால் சம்மதம் தரக் கூடாது. டிஸ்க்கில் இருந்து 'டக் டக்' என்ற ஓசை வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்க வேண்டும். தொடர்ந்து இயக்கினால் தரவை மீட்கும் வாய்ப்பு குறையும். ஓசை ஏதுமின்றி, மற்ற டிஸ்க்குகள் மூலம் கோப்புகள் திறக்கின்றன எனில், முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்த பின்னரே பழுது தேடத் தொடங்க வேண்டும்.

கேபிளா, டிஸ்க்கா?

இதற்கான விடை டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' அறிக்கையில் உள்ளது. சர்வரின் அமைப்புகள் பக்கத்தில் இதனைக் காணலாம். சாட்டா டிஸ்க்குகளில் 199 என்ற எண்ணுக்கு எதிரே உள்ள சிஆர்சி பிழைகள் அதிகரித்தால், தரவு செல்லும் வழியில், அதாவது கேபிளிலோ இணைப்புமுனையிலோ கோளாறு இருக்கவே வாய்ப்பு அதிகம். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்புகள் உயர்ந்துகொண்டே போனால் டிஸ்க்கே தேய்ந்து வருகிறது என்று பொருள்.

கேபிளை மாற்றிய பிறகும் சிஆர்சி எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. அது மேலும் உயர்கிறதா என்பதை மட்டும் சில நாட்கள் கவனித்தால் போதும்.

அறிக்கையில் தெளிவு கிடைக்காவிட்டால், சர்வரை முழுவதுமாக அணைத்து, எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது எனக் குறித்துக்கொண்டு, கேபிளைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். அதன் பின்னரும் பிழை நீடித்தால் புதிய கேபிள், அடுத்து வேறு போர்ட் என ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். பலவற்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

மின்சாரமும் காரணமாகலாம்

இரண்டு, மூன்று டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் மறைந்தால், முதலில் பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில விநாடிகளில், வழக்கமாக ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். மின்வெட்டுக்குப் பின் எல்லா டிஸ்க்குகளும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்போது, வலுவிழந்த அடாப்டரால் அதைத் தாங்க முடியாது.

மலையின் உயரம் பிரச்சினையா?

மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும் வகையில் தயாரிக்கப்படுவதால் உயரம் தடையல்ல. ஈரம் படிவதே சிக்கல். மழைக்காலத்தில் இணைப்புமுனைகளில் துரு ஏற்படலாம். குளிர்ந்த இடத்தில் இருந்து கொண்டுவந்த டிஸ்க்கை, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே இயக்க வேண்டும். பாலக்காட்டுக் கோடையிலோ, மூடிய அலமாரிக்குள் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் சர்வரை வைப்பது அவசியம்.

பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், அறிகுறி தெரிந்ததும் மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டிக்குமாறு கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. யுபிஎஸ் இருந்தாலும் இது பொருந்தும். மின்கம்பியுடன் இணையக் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். ஏனெனில் அதன் வழியாகவும் மின்னல் தாக்கம் சர்வரை அடையக்கூடும்.

நகல் எங்கே இருக்க வேண்டும்?

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவு பதிவாகும் 'ரெய்டு' வசதி, ஒரு டிஸ்க் பழுதாவதில் இருந்து மட்டுமே பாதுகாக்கும். தவறுதலாக அழித்த கோப்பையோ, வெள்ளத்தில் மூழ்கிய சர்வரையோ அது மீட்டுத் தராது. 2018 ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமானோர் வீட்டுடன் ஆவணங்களையும் இழந்தனர். எனவே மூன்று நகல்கள், இரண்டு வகை சாதனங்கள், அவற்றில் ஒரு நகல் வீட்டுக்கு வெளியே என்ற விதியைப் பின்பற்றுவது நல்லது. வேறு ஊரில் வசிக்கும் உறவினர் வீட்டில் வைக்கப்படும் ஒரு டிஸ்க்கே இதற்குப் போதுமானது.