தூணைக் காக்கும் வளையம்

ஊர்காவற்றுறையில் மாடி வீடு கட்டும் மேசன்மாரிடம் தூணைப் பற்றி நான் கேட்டால், "தடிச்ச கம்பி போட்டிருக்கு சேர், பயமில்லை" என்பார்கள். மேலிருந்து வரும் சுமைக்கு அது சரி. நிலநடுக்கமோ தூணைப் பக்கவாட்டில் உலுப்புகிறது. முதலில் வெடிப்பது அதன் மேல்முனையும் அடிமுனையும்தான். சுற்றிக் கட்டிய வளையக் கம்பி அங்கே விட்டுக்கொடுத்தால், நெட்டுக் கம்பிகள் வெளியே பிதுங்கி, உள்ளேயுள்ள கொங்கிறீற் நொறுங்கிக் கொட்டிவிடும்.

2001 ஜனவரி 26ஆம் திகதி குஜராத்தின் பூஜ் பகுதியில் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றின் கீழ்த்தளம் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றி விடப்பட்டிருந்தது. மேலே சுவர்களோடு இறுகிய தளங்கள், கீழே வெறுந்தூண்கள். அசைவெல்லாம் அத்தூண்களின் தலையில் விழுந்தது. பள்ளிவாசல்களிலும் தொழுகைத் தளத்தை இடைச்சுவரின்றி விசாலமாகத்தானே விடுகிறோம்!

வளையத்தின் நுனியை 90 பாகையில் மடக்கினால், வெளிக் கொங்கிறீற் உதிர்ந்ததும் அது விரிந்துவிடும். 135 பாகையில் உட்புறமாக மடக்கினால் பிடி விடாது. முனைகளில் வளையங்கள் நெருக்கமாகவும் இருக்க வேணும். செலவு பெரிதில்லை, பொறுமைதான் வேணும்.

இலங்கையில் பெருநடுக்கம் அரிது, உண்மைதான். ஆனால் தீவுப்பகுதியில் உப்பு இருக்கிறதே. தூணின் வெளிப்புறத்துக்கு மிகக் கிட்ட இருப்பது வளையம். துருவும் அதையே முதலில் தின்னும். கழுவாத கடல்மணலில் வார்த்த தூணென்றால் இன்னும் கெதியாக.