56 பிழைகள் செய்த பையனை ஏன் விடவில்லை?

1993-இல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) அணியில் 19 வயது டெரிக் ஜீட்டர் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார். 126 ஆட்டங்களில் 56 தடுப்பாட்டப் பிழைகள். அந்த எண்ணை மட்டும் பார்த்தால், இவர் இந்த இடத்துக்கு லாயக்கில்லை என்றுதான் தோன்றும்.

பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். வலக்கையால் அடிப்பவர்களே அதிகம் என்பதால், தரையோடு சீறிவரும் பந்துகளில் பெரும்பங்கு அவரைத் தேடித்தான் வரும். கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நிற்பவரின் பாய்ச்சல் வேண்டும்; எடுத்த வேகத்தில் முதல் பேஸ்வரை குறிதவறாமல் எறியும் கையும் வேண்டும்.

திறமை தேடி ஊர் ஊராகப் போகும் ஸ்கவுட்கள் அடித்தல், அடியின் வலு, ஓட்டம், தடுப்பு, எறிதல் ஆகிய ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு: இன்று எப்படி, வளர்ந்தபின் எப்படி. இன்றைய நிலையை யாரும் கணித்துவிடலாம். இந்த உடம்பு பருத்தபின் கால்கள் இதே வேகத்தில் நகருமா, தவறு செய்த மறுகணம் அடுத்த பந்தையும் கேட்டு நிற்பானா என்பதைச் சொல்லத்தான் அனுபவம் வேண்டும்.

அந்தக் கண் ஹால் நியூஹவுசருக்கு இருந்தது. பழைய டெட்ராய்ட் பந்துவீச்சாளரான அவர், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் ஸ்கவுட்டாகக் கலமசூவில் பள்ளி மாணவர் ஜீட்டரைப் பார்த்து, 1992 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் தேர்வாக இவரையே எடுக்கச் சொன்னார். ஆஸ்ட்ரோஸ் ஃபில் நெவின் என்ற வீரரை எடுத்தது. மனம் நொந்த நியூஹவுசர் வேலையையே விட்டுவிட்டார். ஆறாவது தேர்வில் யாங்கீஸ் ஜீட்டரை எடுத்தது.

எடுத்ததோடு விடவும் இல்லை. அந்த 56 பிழைகளுக்குப் பிறகு, பயிற்சியாளர் பிரையன் பட்டர்ஃபீல்டு ஜீட்டரை டாம்பாவில் வைத்துப் பல வாரங்கள் தடுப்பாட்டம் மட்டுமே பழக்கினார். காயத்தால் அப்போது ஜீட்டரால் மட்டை பிடிக்க முடியவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. மறு ஆண்டு ஒரே பருவத்தில் மூன்று படிகள் ஏறினார். 1996-இல் ஆண்டின் சிறந்த புதுமுகம். 2014-இல் ஓய்வுபெறும்போது அவர் கணக்கில் 3,465 ஹிட்கள். மேஜர் லீகில் தடுப்பாட்டத்துக்கு இறங்கிய போதெல்லாம் ஷார்ட்ஸ்டாப்பாகவே நின்றார்.

இன்றும் இதே கதைதான். சின்சினாட்டி ரெட்ஸ் 2018-இல் டொமினிக்கன் குடியரசின் 16 வயது எல்லி டி லா குரூஸை வெறும் 65,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அதன்பின் அவர் ஆறடி ஐந்தங்குல உயரத்துக்கு வளர்ந்தார். 2023-இல் மேஜர் லீகுக்கு வந்தவர், 2024-இல் 67 பேஸ்களைத் திருடி (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடி) முதலிடம் பிடித்தார். அதே ஆண்டில் 29 பிழைகளும் செய்தார். மற்றவர்கள் எட்டவே முடியாத பந்தை எட்டிப் பிடிப்பவரின் கணக்கில்தான் பிழையும் ஏறும். ரெட்ஸ் அவரை அந்த இடத்திலிருந்து நகர்த்தவில்லை.

மைனர் லீகில் ஆடும் பெரும்பாலோர் மேஜர் லீகை எட்டுவதே இல்லை. அதற்காக அவசரத் தீர்ப்பு கூடாது. பிழையை எண்ணுவது சுலபம். அதன் காரணத்தைக் கண்டு, திருத்தக் கூடியதா என்று சொல்வதுதான் ஸ்கவுட்டின் வேலை. திருத்திக் காட்டுவது அணியின் கடமை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஜீட்டர்கள் உருவாகிறார்கள்.