மடியா, காலம் அறியாமையா?

சிலாங்கூரின் வடமேற்கே, சபாக் பெர்ணம் வட்டாரக் கடற்கரையில் உள்ளது பாகான் நக்கோடா ஓமார். பாகான் என்னும் மலாய்ச் சொல் படகுத்துறையைக் குறிக்கும். அங்கே மீன்பிடிப்போர்க்குப் பொழுதை வகுப்பது கடலின் ஏற்றவற்றம். அது நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவது. அங்கிருந்து தெற்கே கோல சிலாங்கூர் வரையுள்ள தோட்டப்புறங்களில் தமிழர்க்குப் பொழுதை வகுத்தது பெரட்டு. இரப்பர் மரத்தை வைகறையிலேயே சீவுதல் வேண்டும். வெயில் ஏற ஏற, இலைவழியே நீர் ஆவியாகி, மரத்தின் உள்ளழுத்தம் தளர்ந்து, பால் குறையும். ஆதலின் விடியுமுன்னரே தொழிலாளர் பெரட்டுக் களத்தில் நின்றனர். அவர்களுடைய பொழுதை மரமும் நிருவாகமும் குறித்தன.

இத்தகைய குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மாணவர் காணும் முதற் புதுமை, தம் பொழுதைக் குறிப்பார் எவரும் இலர் என்பதே. பள்ளியில் மணி அடித்தது. வீட்டுப்பாடத்தை ஆசிரியர் மறுநாளே கேட்டார். பல்கலைக்கழகத்திலோ வாரத்திற் சில மணி நேரமே விரிவுரை. எஞ்சியதெல்லாம் ஓய்வு போலத் தோன்றும்.

அஃது ஓய்வன்று என்பதைக் கணக்கே காட்டும். மலேசிய உயர்கல்வித் தகுதிகளின் அளவுப்படி, ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்கும் 40 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடமொன்று 120 மணி நேரம் கேட்கும். வாரம் 3 மணி வீதம் 14 வாரம் விரிவுரை நடப்பதாகக் கொண்டால், அது 42 மணி நேரம். எஞ்சிய 78 மணி நேரம் வாசிப்பு, கட்டுரை, தேர்வு ஆயத்தம் ஆகியவற்றிற்கு உரியது. இத்தகைய பாடங்கள் ஐந்து எடுப்பவர்க்கு, அட்டவணையில் உள்ள 15 மணியோடு அட்டவணையில் இல்லாத 28 மணியும் வாரந்தோறும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த 28 மணி நேரமே பலரைக் கவிழ்ப்பது.

திருக்குறளில் காலமறிதல் 49-ஆம் அதிகாரம். மடியின்மை 61-ஆம் அதிகாரம். இரண்டும் வேறு வேறு. தேர்ச்சியில் தளரும் மாணவரைப் பெற்றோரும் மற்றோரும் மடியுடையார் என்றே கடிவர். விடியுமுன் எழுந்து பழகிய வீட்டுப் பிள்ளைக்கு உழைப்புப் புதிதன்று. பொழுதைத் தானே வகுத்தலே புதிது. குறையை மாற்றிக் கூறினால் மருந்தும் மாறிவிடும் அன்றோ?

இக்குறை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதுமன்று. 1994-இல் கனடாவிலிருந்து வெளியான ஆய்வொன்றில், உளவியல் மாணவர் 37 பேர் தம் ஆய்வேட்டை முடிக்கும் நாளை முன்னரே கணித்துக் கூறினர். அவர்கள் கூறியது சராசரியாக ஏறத்தாழ 34 நாள். ஆனதோ 55 நாளுக்கும் மேல். தம் வேலையைக் குறைத்து மதிப்பிடுதல் மக்கள் இயல்பு. ஆகவே கட்டுரைக்கு ஒரு வாரம் போதும் எனத் தோன்றினால், ஒன்றரை வாரம் ஒதுக்குதல் அறிவுடைமை.

பொழுதைப் பகுத்தலிலும் ஒரு நெறி உண்டு. செர்மானிய அறிஞர் எபிங்கவுசு நினைவைப் பற்றிய தம் ஆய்வை 1885-இல் வெளியிட்டார். கற்றது முதற் சில மணி நேரத்திலேயே விரைந்து மறதியாகும் என்பதும், இடைவிட்டுப் பன்முறை பயிலுதல் ஒரே மூச்சிற் பயிலுதலினும் பயன் மிக்கது என்பதும் அவர் கண்டவை. தேர்வுக்கு முந்திய இரவில் ஐந்து மணி நேரம் விழிப்பதினும், வாரம் ஒரு மணியாக ஐந்து வாரம் படிப்பதே நிலைக்கும். செலவாகும் நேரம் ஒன்றே, பயன் வேறு.

செய்யத்தக்கது எளிது. வாரத் தொடக்கத்தில் விரிவுரைகளைக் குறிக்கும் அதே தாளில், அந்த 28 மணியையும் நாளும் நேரமும் இட்டுக் குறித்தல் வேண்டும். பகுதிநேர வேலை, வீட்டுக்குச் சென்று வரும் பயணம் ஆகியவற்றையும் மறைக்காமல் எழுதல் வேண்டும். இடம் போதவில்லையாயின், அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பதினான்காம் வாரத்தில் தெரிந்து பயனில்லை.

இதனைக் கற்பிக்க ஏற்ற இடம் ஆறாம் படிவ வகுப்பு. இரண்டு வாரத்திற்குரிய பாடத்தை ஒருங்கே கொடுத்து, அதனைப் பகுக்கும் பொறுப்பை மாணவரிடமே விட்டு, இறுதியில் அவருடைய திட்டத்தையும் நடப்பையும் ஒப்பிட்டுக் காட்டலாம். பல்கலைக்கழகத்தை முன்னர்க் கண்டிராத வீட்டில் இதைச் சொல்வதற்கு ஆசிரியரையன்றி வேறு எவர் உளர்? பெற்றோரின் பொழுது பிறர் கையில் இருந்தது. பிள்ளையின் பொழுது பிள்ளையின் கைக்கு வந்துள்ளது. அதனை ஆளக் கற்பித்தலும் கல்வியே.