பெயரும் முகவரியும்: தரவுத்தளத் தொடர்பு அறுபடுதல் பற்றிய ஒரு விளக்கம்

கணினியில் எழும் தடங்கலொன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க ஆய்விதழில் எழுதுவது பொருத்தமோ என வாசகர் சிலர் ஐயுறலாம். ஆயினும் பழைய சஞ்சிகைகளினதும் துண்டுப்பிரசுரங்களினதும் அட்டவணைகள் இன்று தரவுத்தளங்களிலேயே பேணப்படுகின்றன. அவற்றை அணுக முடியாதபோது ஆய்வும் நின்றுவிடுகின்றது. நாம் அறிந்த துறையொன்றில் சிற்றிதழ் அட்டவணையொன்று இரண்டு வாரங்கள் எவருக்கும் எட்டாமற் போயிற்று. தரவுகள் அழிந்துவிட்டன என்றே பலரும் கருதினர். அவற்றைப் பதிவுசெய்த மாணவிதான் ஏதோ தவறிழைத்துவிட்டார் என்ற பேச்சும் எழுந்தது. திரையில் தோன்றிய செய்தியோ வேறொன்றைக் கூறிற்று: கொடுக்கப்பட்ட கணினிப் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை என்பதே அது.

இச்செய்தியின் பொருளை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். வலையமைப்பில் கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அடைகின்றன. பெயர்கள் மனிதரின் வசதிக்கானவை. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற்றில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதை ஒரேயொரு கோப்பு கூறிற்று. கலிபோர்னியாவில், முன்னர் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனம் எனப்பட்ட இடத்தில், எலிசபெத் பெயின்லரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அதனைப் பேணியது. ஏனையோர் அதனைப் பிரதிசெய்துகொண்டனர். கணினிகள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் பெயர் முறைமை, பதிவேட்டைப் பலரிடம் பகிர்ந்தளித்தது. தனிமனித மேதைமையின் விளைவாக மட்டும் இதனைக் காண்பது பொருந்தாது. வளர்ந்துவிட்ட வலையமைப்பின் தேவையே பழைய வடிவத்தை உடைத்தது. எனினும் பழையது முற்றாக மறையவில்லை. இன்றும் ஒவ்வொரு கணினியிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் சிறு கோப்பு எஞ்சியிருக்கின்றது. பெரும்பாலும் முதலில் அதுவே பார்க்கப்படுகின்றது. குழப்பங்கள் பலவற்றின் ஊற்று இவ்வெச்சமே எனலாம்.

தரவுத்தளத்தை அணுகும் நிரல் முதலிற் பெயரை எண்ணாக மாற்றுகின்றது. பின்னர் அவ்வெண்ணுக்குரிய கணினியின் குறித்த போர்ட்டைத் தட்டுகின்றது. போஸ்ட்கிரெஸ் ஆயின் வழமையாக 5432, மைஎஸ்கியூஎல் ஆயின் 3306. அதன் பின்னரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். ஆகவே பெயர் அறியப்படவில்லை என்ற செய்தி வந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதும் தரவுத்தளத்தை மீளத் தொடக்குவதும் வீண்வேலை. கேள்வி அதனிடம் சென்று சேரவேயில்லை. தொடர்பு மறுக்கப்பட்டது எனச் செய்தி வருமாயின் நிலைமை வேறு. அங்கே பெயர் ஏதோவோர் எண்ணைத் தந்துவிட்டது.

செய்தியிற் காட்டப்படும் பெயரை, மூலபாடத்தைப் பரிசோதிப்பவர் போல, எழுத்தெழுத்தாக வாசித்தல் வேண்டும். இறுதியில் ஒட்டிய வெற்றிடமொன்று போதும், பெயர் பிறிதாகிவிடும். கடவுச்சொல்லில் ‘@’ குறி இருந்து, அது தொடர்பு முகவரிக்குள் அவ்வாறே எழுதப்பட்டால், கடவுச்சொல்லின் வாலும் கணினிப் பெயரோடு சேர்த்து வாசிக்கப்படக்கூடும். அக்குறியை ‘%40’ என எழுதினால் இடர் தீரும். இத்தகைய பிழையில் வலையமைப்பைக் குறைகூறி நாட்கணக்கை இழந்தோர் உளர். நாமும் அவர்களுள் ஒருவரே.

பெயர் சரியாயின், எங்கிருந்து வினவுகின்றோம் என்பதே தலையாய கேள்வியாகின்றது. ‘டிக்’, ‘என்எஸ்லுக்கப்’ ஆகிய கருவிகள் பெயர்ச் சேவையகத்தை மட்டுமே வினவும். ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாரா. லினக்ஸில் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ என்னும் கட்டளையோ நிரல்கள் வழமையாகச் செல்லும் வழியிலேயே சென்று விடை தருகின்றது. இரண்டும் முரண்பட்ட விடை தரலாம்; இரண்டும் மெய்யாகவும் இருக்கலாம். எமது மேசைக் கணினியில் அறியப்பட்ட பெயர், நிரல் இயங்கும் கணினியில் அறியப்படாதிருக்கலாம். ஆதலின் சோதனையை நிரல் இயங்கும் இடத்திலேயே நிகழ்த்துதல் வேண்டும். டொக்கர் கொள்கலனுக்குள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அக்கொள்கலனையே சுட்டும். அயற்கொள்கலனிலுள்ள தரவுத்தளத்தை அன்று. யுனிக்ஸ் வகைக் கணினிகளில் மைஎஸ்கியூஎல் வாடிக்கையாளர் நிரலுக்கு ‘லோக்கல்ஹோஸ்ட்’ எனக் கொடுத்தால், அது வழமையாக வலையமைப்பையே நாடாது, உள்ளூர்ச் சொக்கெற் கோப்பொன்றின் வழியே செல்கின்றது. 127.0.0.1 எனக் கொடுத்தால் மட்டும் தடை தோன்றுமாயின் காரணம் இதுவாகலாம்.

தமிழிலேயே பெயரிடுவோருக்கு ஒரு குறிப்பு. ‘.இலங்கை’ என்னும் உயர்நிலை ஆள்களம் 2010 முதல் உண்டு. அத்தகைய பெயர்கள் ‘எக்ஸ்என்’ எனத் தொடங்கும் உரோம எழுத்து வடிவத்திற்கு மாற்றப்பட்ட பின்னரே தேடப்படுகின்றன. அம்மாற்றத்தைச் செய்யாத மென்பொருளிடம் மாற்றிய வடிவத்தையே கொடுத்தல் வேண்டும்.

பெயரைக் கைவிட்டு எண்ணையே நிரலில் எழுதிவிடலாமே என்பர். அன்றைய அலுவல் முடியும். தரவுத்தளம் இடம்மாறும் நாளில் அதே இடர் திரும்பும்.

நாம் முதலிற் குறிப்பிட்ட துறையில் நிகழ்ந்ததும் இவ்வாறானதே. முன்னர் பணியாற்றிய ஒருவர், தரவுத்தளத்தின் பெயரைப் பழைய கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியாக மட்டும் எழுதிவிட்டு வெளிநாடு சென்றிருந்தார். நிரல் புதிய கணினிக்கு மாற்றப்பட்டபோது அவ்வரி உடன் செல்லவில்லை. தரவுகளை உள்ளிடுவோர் அவ்வரி இருப்பதை அறிந்திருக்கவில்லை. நிருவகிப்போர் அதனை எங்கும் எழுதிவைக்கவுமில்லை. இப்பொழுது அப்பெயர் பல்கலைக்கழகப் பெயர்ச் சேவையகத்தில் முறைப்படி பதியப்பட்டுள்ளது. ஒரு பதிவேனும் அழிந்திருக்கவில்லை. அம்மாணவியிடம் எவரும் வருத்தம் தெரிவித்ததாக நாம் அறியோம்.