ஊரைப் படிக்கும் பல்கலைக்கழகம்

நுழையும்முன்

பல்கலைக்கழகம் என்றவுடன் உயர்ந்த கட்டடங்களும் நூலகமும் ஆய்வகமும் நம் நினைவுக்கு வருகின்றன. அக்கட்டடங்களுக்குள் நுழையும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, அங்குப் பிறக்கும் அறிவு எங்குச் சென்று சேர்கிறது என்னும் வினாக்கள் அத்துணை எளிதில் எழுவதில்லை. அவ்வினாக்களோடு தோன்றிய ஒரு கல்வி நிறுவனத்தின் வழியே, நீடித்த வளர்ச்சியும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியும் கொண்டுள்ள உறவை விளக்குகிறது இவ்வுரைநடைப் பகுதி.

இரண்டு குறிக்கோள்கள்

வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்குக் குறை நேராத வகையில் இன்றைய தலைமுறையினரின் தேவைகளை நிறைவு செய்வதே நீடித்த வளர்ச்சி எனப்படும். நார்வே நாட்டின் தலைமை அமைச்சர் புருண்ட்லாண்ட் தலைமையிலான உலக ஆணையம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது. 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை, 2030ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டிய 17 இலக்குகளை வகுத்தது. அவற்றுள் நான்காவது, அனைவருக்கும் தரமான கல்வி என்பதாகும்.

இன்று பல்கலைக்கழகங்கள் பலவும் தம் தொலைநோக்குத் திட்டங்களில் இவ்விரு குறிக்கோள்களுக்கும் இடம் தருகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் தனித்தனி இயல்களாகவே எழுதப்படுகின்றன. மரம் நடுதல், மழைநீர் சேகரிப்பு, சூரிய ஆற்றல் ஆகியன ஓர் இயலில் அமைகின்றன. கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் ஆகியன மற்றோர் இயலில் அமைகின்றன. மண்ணைக் காப்பது வேறு, மனிதர்க்குக் கல்வி அளிப்பது வேறு என்னும் எண்ணமே இப்பிரிவினைக்குக் காரணம். அவ்வெண்ணம் சரியானதா? ஒரு வாழைக்கன்று இதற்கு விடை சொல்லும்.

மலைவாழை கற்றுத்தரும் பாடம்

திண்டுக்கல் மாவட்டத்தில் சிறுமலையிலும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் விளையும் மலைவாழை, மணத்துக்கும் சுவைக்கும் பெயர்பெற்றது. சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. பழனிப் பஞ்சாமிர்தத்தின் தனிச்சுவைக்கு விருப்பாட்சி வாழையும் ஒரு காரணம். இம்மலைவாழையை முடிக்கொத்து நோய் பெரிதும் அழித்தது.

இந்நோய்க்குக் காரணம் ஒரு நச்சுயிரி. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி அதனை ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குக் கொண்டு செல்கிறது. நோயுற்ற தாய்மரத்தின் பக்கக்கன்றை எடுத்து நடும்பொழுது, கன்றோடு நோயும் புதிய நிலத்துக்குக் குடிபெயர்கிறது. நோய் பற்றிய மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதனை வேரோடு அகற்றி அழிப்பதும், திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய நோயற்ற கன்றுகளை நடுவதுமே வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவ்வழியில் மலைவாழையை மீட்கும் பணியை மேற்கொண்டது.

இங்குக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு தோட்டத்தில் நோயுற்ற மரங்களை அகற்றினாலும் பக்கத்துத் தோட்டத்தில் அவை நின்றுகொண்டிருந்தால் அசுவினி மீண்டும் நோயைக் கொண்டுவந்து சேர்க்கும். செய்தித்தாள் படிப்பவர், பயிற்சி முகாமுக்கு வரக்கூடியவர், கன்று வாங்கும் வசதியுள்ளவர் ஆகியோரிடம் மட்டும் அறிவு சென்றால் போதாது. எழுத்தறியாத சிறு உழவருக்கும் மலைவாழ் மக்களுக்கும் அது சென்று சேர வேண்டும். கடைசி மனிதரை விட்டுவிட்டால் முதல் மனிதரின் தோட்டமும் நிலைக்காது. அனைவரையும் உள்ளடக்காத அறிவால் நீடித்த வளர்ச்சியைத் தர இயலாது என்பதை மலைவாழை இவ்வாறு மெய்ப்பிக்கிறது.

காந்திகிராமம் பிறந்த கதை

சிறுமலையின் அடிவாரத்தில், கைத்தறி நெசவுக்குப் புகழ்பெற்ற சின்னாளபட்டிக்கு அருகில் அமைந்துள்ளது காந்திகிராமம். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே இது தோன்றியது. இதனைத் தோற்றுவித்தவர்கள் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் ஆவர்.

சௌந்தரம் அம்மையார், தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கணவரை இழந்த பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்கி வாழ வேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த காலம் அது. பெற்றோர் அவரைப் படிக்க வைத்தனர். தில்லியில் மருத்துவம் பயின்று மருத்துவரானார். மறுக்கப்படவிருந்த கல்வி ஒரு பெண்ணுக்குக் கிடைத்தமையால், பின்னாளில் ஒரு வட்டாரமே மருத்துவமும் கல்வியும் பெற்றது. இராமச்சந்திரன், தாகூரின் சாந்திநிகேதனில் கற்றவர். பின்னர் காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் வாழ்ந்தவர். இருவரும் காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கொள்கையில் பற்றுடையவர்கள். கை, மனம், அறிவு ஆகிய மூன்றும் இணைந்து வளர வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம்.

மகப்பேறு மருத்துவம், கிராமப் பெண்களுக்கான பயிற்சி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், கதர் நெசவு, பள்ளிக்கூடம் எனப் பணிகள் ஒவ்வொன்றாகக் கிளைத்தன. உயர்கல்வி அவற்றுக்குப் பின்னரே வந்தது. ஊரின் தேவைகள் முதலில் அறியப்பட்டன. அத்தேவைகளிலிருந்து பல்கலைக்கழகம் பின்னர் வளர்ந்தது. இவ்வரிசைமுறை நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

1948ஆம் ஆண்டு டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், இந்தியாவுக்குக் கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் தேவை எனப் பரிந்துரைத்தது. 1956ஆம் ஆண்டு காந்திகிராமத்தில் ஊரக உயர்கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

ஊரே வகுப்பறை

கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்னும் மூன்றையும் காந்திகிராமம் தன் பணிகளாகக் கொண்டது. பிற இடங்களிலும் முதல் இரண்டும் உண்டு. மூன்றாவதாகிய விரிவாக்கம், பல்கலைக்கழகத்தின் அறிவைச் சுற்றுப்புற ஊர்களுக்குக் கொண்டு செல்வதாகும். மாணவர்கள் ஊர்களில் சில நாள்கள் தங்கி மக்களோடு வாழ்ந்து கற்பது இங்குப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

ஊரில் தங்கும் மாணவர் கற்பிப்பவராக மட்டும் செல்வதில்லை. எந்தக் கண்மாயில் எந்த மாதம்வரை நீர் நிற்கும், எந்த மண்ணுக்கு எந்தப் பயிர் ஏற்றது, வறட்சியில் ஆட்டுக்குக் கொடுக்கும் தழை எது என்பனவற்றை ஊரில் உள்ளோரே அறிவர். ஊரார் அறிந்ததையும் ஆய்வகம் அறிந்ததையும் இணைக்கும்பொழுதுதான் பயனுள்ள அறிவு பிறக்கிறது. இவ்வாறு பார்த்தால், எளிய மக்களுக்குக் கல்வி வாயிலைத் திறப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. அதுகாறும் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டாதிருந்த அறிவு உள்ளே வரும் வழியும் அதுவே.

ஓர் ஐயம்

கிராமத்துக்கென்று தனிக் கல்வி அளித்தால், கிராமத்துப் பிள்ளைகள் என்றென்றும் கிராமத்திலேயே கட்டுண்டு கிடக்க நேராதா? இவ்வையம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. பிறப்பு வழிப்பட்ட தொழிலிலேயே பிள்ளைகளை அது நிறுத்திவிடும் எனக் கடும் எதிர்ப்பு எழுந்தது. காமராசர் முதலமைச்சரான பின் 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. தலைமுறைகளாகக் கல்வி மறுக்கப்பட்டவர்களின் அச்சம் நியாயமானது.

ஆகவே அனைவரையும் உள்ளடக்கிய கல்விக்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. உழவரின் மகள் வேளாண் அறிவியல் கற்று ஊர் திரும்பலாம். வானியல் கற்று அயல்நாடு செல்லலாம். இரண்டு வழிகளும் அவளுக்குத் திறந்திருக்க வேண்டும். தெரிவு அவளுடையதாக இருக்க வேண்டும். ஊரில் இருப்போர்க்கு ஊரளவுக் கல்வி போதும் என்பது உள்ளடக்குதல் ஆகாது. ஊரை மறந்தால்தான் உயர்கல்வி என்பதும் ஆகாது. காந்திகிராமம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றமை இவ்வகையில் இன்றியமையாதது. எங்கும் ஏற்கப்படும் பட்டம் இருந்தால்தான், கிராமத்தைப் பற்றிப் படித்தவர் எங்கும் தலைநிமிர்ந்து நிற்க முடியும். அதே வேளையில், பிற பல்கலைக்கழகங்களைப் போலப் பட்டங்களை மட்டுமே எண்ணத் தொடங்கினால் தோன்றிய நோக்கம் தேய்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காப்பதே இத்தகைய நிறுவனத்தின் முன் என்றும் நிற்கும் அறைகூவல்.

தொலைநோக்கை அளப்பது எவ்வாறு?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கப் பணிக்கிறது. பெண்கள், ஒடுக்கப்பட்டோர், பழங்குடியினர், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோர் உயர்கல்வி பெறப் பல திட்டங்கள் உள்ளன. இடம் கிடைத்தல் முதற்படி. சேர்ந்தவர் இடையில் நின்றுவிடாமல் படிப்பை முடித்தல் இரண்டாம் படி. அவர் வாழ்ந்த ஊரின் சிக்கல்கள் பாடத்திலும் ஆய்விலும் இடம்பெறுதல் மூன்றாம் படி. மூன்றாம் படியில்தான் உள்ளடக்கிய கல்வியும் நீடித்த வளர்ச்சியும் கைகோக்கின்றன.

தண்ணீர்க் குடத்தோடு நெடுந்தொலைவு நடந்த பெண் நீரியல் ஆய்வாளராகும்பொழுது, ஆய்வின் முதல் வினாவே வேறாக அமையும். சக்கர நாற்காலியில் வாழ்பவர் கட்டடக்கலை பயிலும்பொழுது, படிக்கட்டு வரைவதற்கு முன்பே சாய்தளம் வரையப்படும்.

மாணவர்களே! இன்னும் ஓராண்டில் நீங்கள் உயர்கல்வி நிறுவனங்களின் வாயிலில் நிற்பீர்கள். எந்தப் படிப்பு, எவ்வளவு மதிப்பெண், என்ன வேலை என்னும் வினாக்கள் உங்களைச் சூழ்ந்திருக்கும். அவை தேவையான வினாக்களே. அவற்றோடு, நான் கற்கப்போகும் இடத்துக்கு என் ஊர் தெரியுமா என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாதெனில், தெரிவிக்கும் பொறுப்பு உங்களுடையது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் முதன்முதலில் பட்டம் பெற்ற ஒருவரைச் சந்தித்து, அவர் கடந்துவந்த தடைகளைக் கேட்டு எழுதுக.

2. உங்கள் பகுதியின் நீர், பயிர், தொழில் சார்ந்த சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, அது குறித்து ஊரிலுள்ள முதியோர் கூறுவதையும் பாடநூல் கூறுவதையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.