இரையும் கணனிக்குப் புதுக் கணனியா?

புடவைக் கடைக்காரருக்கு இது தெரிந்த விடயம். காசு மேசைக்குக் கீழுள்ள கணனி ஒரு வருடம் போனதும் இரையத் தொடங்கும். வாடிக்கையாளர் விலை கேட்பதும் காதில் விழாது. "பழசாகிவிட்டது, மாற்றுங்கள்" என்பார் திருத்த வருபவர்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. இரைவது பெரும்பாலும் விசிறிதான். துணித் தும்பு புரோசசரின் மேலுள்ள ஹீட் சிங்க் தகடுகளை அடைத்தால் சூடு வெளியேறாது, விசிறி வேகமெடுக்கும்.

எங்கள் கடையில் மூன்று மாதத்துக்கொரு முறை வயரைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தும்பை எடுக்கிறோம். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய கணனியாயின் புரோசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கும். துடைத்துப் புதிதாகப் பூசுவிக்கலாம். பெட்டியை நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் தும்பும் குறையும்.

பிறகும் கரகரத்தால் விசிறியின் பெயாரிங் தேய்ந்திருக்கும். அந்த விசிறியை மட்டும் மாற்றினால் போதும், செலவு சொற்பம். பெட்டியின் விசிறியாயின், இடமிருந்தால் 80 மில்லிமீற்றருக்குப் பதிலாக 120 மில்லிமீற்றர் போடுங்கள். பெரியது மெதுவாகச் சுழன்றே அதேயளவு காற்றைத் தள்ளும்.

சத்தம் பொறுக்காமல் விசிறியின் வயரையே கழற்றிவிடுவோரும் உண்டு. பெருநாள் வியாபாரத்தின் நடுவே கணனி சூடேறி அணைந்தால் பில்லுமில்லை, கணக்குமில்லை.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அது இரைந்தால் முழுதாகவே மாற்றுங்கள்.